கோட்டான் காட்டிய கண்ணாடி

நகரத்தைப் பார்க்கும் பார்வைகள் பல. இறைவாக்கினர் யோனா நினிவே நகருக்கு வெளியே பந்தல் அமைத்து அமர்ந்து, அந்நகருக்கு என்ன நேரப்போகிறது என்று பார்த்துக் காத்திருந்தார். நம் ஆண்டவரோ எருசலேமை நெருங்கிக் கண்டதும் அதற்காகக் கண்ணீர் விட்டார். ஒருவர் பார்வையில் தீர்ப்பு இருந்தது. மற்றவர் பார்வையில் பாசம் இருந்தது. இவ்விரண்டும் அன்றி மூன்றாவது பார்வை ஒன்றும் உண்டு. அது நகைப்பவனின் பார்வை. தன் ஊரைப் பார்த்து நகைக்கும் எழுத்தாளன் யோனாவின் பந்தலில் அமர்ந்திருப்பவனா, ஆண்டவரின் அருகில் நிற்பவனா என்பதை அவன் சிரிப்பொலியை மட்டும் கேட்டு நம்மால் முடிவு செய்ய இயலாது. அந்தச் சிரிப்புக்காக அவன் என்ன விலை கொடுத்தான் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இந்த எண்ணத்தை நம்முள் எழுப்புகின்ற வரலாற்று மனிதர் ஒருவர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவில் பிறந்து, முப்பது வயதிலேயே மறைந்துவிட்ட இதழாளர் காளிபிரசன்ன சிங்கர் அவர். 'ஹுதோம் பியாஞ்சார் நக்‌ஷா' என்ற பெயரில் அவர் எழுதிய நகரச் சித்திரங்கள் வங்க உரைநடையின் போக்கையே மாற்றின. 'கோட்டான் வரைந்த சித்திரங்கள்' என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். அவர் கிறிஸ்தவர் அல்லர்; தம் சமயத்தில் நிலைத்து வாழ்ந்து மறைந்த இந்து. ஆயினும், சிறைக்குச் சென்ற ஒரு கிறிஸ்தவப் போதகரின் வரலாற்றோடு அவர் பெயர் பிரிக்க முடியாதவாறு பிணைந்திருக்கிறது. பிறர் குறையைக் கண்டு சிரிப்பது பாவமா, பணியா என்று கேட்கும் எவரும் அவர் வாழ்வைச் சற்றே நின்று நோக்குவது நன்று.

பணம் பெருத்த பட்டணம்

அன்றைய கல்கத்தா ஆங்கில இந்தியாவின் தலைநகர். 1911ஆம் ஆண்டுவரை அந்தப் பெருமை அதற்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குத் திவான்களாகவும் தரகர்களாகவும் இருந்து பொருள் ஈட்டியவர்கள், 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தின் பின் கிராமங்களை வாங்கி ஜமீன்தார்களாகி, நகரத்தில் மாளிகைகள் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். நிலம் ஓரிடத்தில் இருந்தது. அதை உழுதவர் வியர்வை சிந்தியதும் அங்கேதான். பணம் மட்டும் கல்கத்தாவுக்கு வந்தது. உழைக்காமல் வந்த பணம் எதைச் செய்யுமோ அதை அங்கும் செய்தது. புறாப் பந்தயம், பூனைக்குக் கல்யாணம், விடிய விடியக் கச்சேரி, வாசலில் முகத்துதி பாடுவோர் கூட்டம் என்று ஒரு வாழ்க்கைமுறையே உருவாயிற்று. இவ்வாறு வாழ்ந்தவர்களை 'பாபு' என்று நகரம் அழைத்தது.

அதே நகரத்தில்தான் அச்சகங்களும் பள்ளிகளும் நாளேடுகளும் பெருகின. 1854இல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு இரயில் ஓடத் தொடங்கியது. 1856இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. 1857இல் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டில் வட இந்தியாவெங்கும் சிப்பாய்களின் பெருங்கிளர்ச்சி எழுந்தது. பழமையும் புதுமையும் ஒரே தெருவில் தோளோடு தோள் உரசிச் சென்ற காலம் அது. எதைப் பற்றிக்கொள்வது, எதை விடுவது என்று அறியாமல் திகைத்தவர்கள் பலர். அந்தத் திகைப்பைத் தங்களுக்கு ஆதாயமாக்கிக் கொண்டவர்களும் பலர்.

பதின்மூன்று வயதில் ஒரு சபை

காளிபிரசன்னர் 1840இல் ஜோராசாங்கோ பகுதியில் ஒரு பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். இந்துக் கல்லூரியில் சில காலம் பயின்றபின், வீட்டிலேயே ஆசிரியர்களை அமர்த்திக்கொண்டு ஆங்கிலமும் வடமொழியும் வங்கமும் கற்றார். அவர் வயதுச் செல்வச் சிறுவர்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தபோது, 1853இல், அவர் 'வித்யோத்சாகினி சபை' என்ற அமைப்பைத் தம் இல்லத்தில் தொடங்கினார். கல்வியில் ஊக்கம் கொண்டோர் கூடிப் பேசும் அவை அது. பின்னர் அதன் பெயராலேயே ஓர் இதழும் ஒரு நாடக அரங்கமும் தோன்றின. காளிதாசரின் 'விக்கிரமோர்வசியம்' நாடகத்தைத் தாமே வங்கத்தில் பெயர்த்து அவ்வரங்கில் நடித்துக் காட்டியபோது அவருக்கு வயது பதினேழு.

கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் கிறிஸ்தவராகியவர். 1848 முதல் 1856 வரை நம் சென்னையில் ஆசிரியராகவும் இதழாளராகவும் வாழ்ந்தவர். கல்கத்தா திரும்பி எதுகைக் கட்டு இல்லாத புதிய யாப்பில் வங்கக் காவியம் படைத்தபோது, பழமைவாதிகள் அவரை எள்ளினார்கள். 1861இல் காளிபிரசன்னரோ தம் சபையின் சார்பில் அவரை அழைத்துப் பாராட்டிப் பரிசளித்தார். தாய்ச் சமயத்தை விட்டு வெளியேறியவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு, சமயப்பற்று மிக்க இந்துக் குடும்பத்து இளைஞர் ஒருவர் சபை நடுவே மாலையிட்டார். அந்நாளில் இது எளிய செயல் அன்று.

கைம்பெண்ணை மணக்கும் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் ரூபாய் தருவதாக அவர் அறிவித்தார். இதழ்கள் சிலவற்றுக்கு ஆசிரியராக இருந்தார். 'பரிதர்ஷக்' என்ற வங்க நாளேட்டையும் நடத்தினார். 1861 ஜூன் திங்களில் 'இந்து பேட்ரியட்' என்ற ஆங்கில இதழின் ஆசிரியர் ஹரிஷ் சந்திர முகர்ஜி மறைந்தார். அவுரி பயிரிட்ட குடியானவர்களுக்காக இடைவிடாது எழுதித் தம் உடலையும் பொருளையும் கரைத்துக்கொண்ட மாமனிதர் அவர். அவருக்குப் பின் இதழ் நின்றுவிடும் நிலை வந்தபோது, காளிபிரசன்னர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து அதை அச்சகத்தோடு வாங்கிக் காத்து, பின்னர் ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் பொறுப்பில் ஒப்படைத்தார். இதழ் தமக்கு ஒரு பட்டமாக வேண்டும் என்று அவர் கருதவில்லை. ஏழைகளின் குரல் அடங்கிவிடக் கூடாது என்றே கருதினார்.

முப்பது காசும் ஆயிரம் ரூபாயும்

அவுரியின் கதையைச் சற்று விளக்க வேண்டும். துணிக்கு நீலச் சாயம் தரும் செடி அது. வங்கத்துக் குடியானவருக்கு ஆங்கிலத் தோட்டத் துரைமார் முன்பணம் கொடுத்து, அவருடைய நல்ல நிலத்தில் நெல்லுக்குப் பதிலாக அவுரி விதைக்கச் செய்தார்கள். கொள்முதல் விலையோ செலவுக்கே கட்டாது. முன்பணம் கடனாகித் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. மறுத்தவர்கள் அடிபட்டார்கள்; கிடங்குகளில் அடைபட்டார்கள். 1859இல் குடியானவர்கள் இனி அவுரி விதைப்பதில்லை என்று மாவட்டம் மாவட்டமாக எழுந்தார்கள். 1860இல் அரசு ஓர் ஆணையத்தை அமைத்து விசாரித்தது.

அதே ஆண்டில் டாக்காவில் ஒரு நாடகம் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அஞ்சல் துறையில் பணியாற்றிய தீனபந்து மித்திரர் எழுதிய 'நீல் தர்ப்பண்' அது. 'அவுரிக் கண்ணாடி' என்று பொருள். அதன் முன்னுரையில், துரைமாரைப் புகழ்ந்து எழுதிய இரண்டு ஆங்கில நாளேடுகளைப் பற்றி ஆசிரியர் ஒரு குத்தல் வைத்திருந்தார். முப்பது வெள்ளிக் காசுக்காக யூதாசு தம் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தான் என்றால், ஆயிரம் ரூபாய் ஆசைக்காக ஏடு நடத்துவோர் ஏழைகளைக் காட்டிக்கொடுப்பதில் வியப்பென்ன என்பது அதன் கருத்து. நற்செய்தியின் மிகத் துயரமான காட்சி ஒன்றை, ஓர் இந்து எழுத்தாளர், கிறிஸ்தவர் என்று பெயர் தாங்கியவர்களின் முகத்துக்கு நேரே எடுத்துக் காட்டினார்.

அந்நாடகத்தை ஆங்கிலத்தில் வெளியிடும் பொறுப்பை ஏற்றவர் ஜேம்ஸ் லாங். அயர்லாந்தில் பிறந்து, 1840 முதல் கல்கத்தாவில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் சபைப் போதகர். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்றுத் தந்த சொல்லால் கூறுவதாயின், பிரிந்த சகோதரர். வங்கப் பழமொழிகளைத் தொகுத்தவர். வங்க மொழியில் அச்சான நூல்களுக்கெல்லாம் பட்டியல் தயாரித்தவர். மக்கள் தம் மொழியில் என்ன பேசுகிறார்கள் என்பதை ஆள்வோர் அறியாதிருந்ததன் விலையை 1857இல் கண்டோம், மீண்டும் அவ்வாறு நேரக் கூடாது என்பதே அவர் வாதம். மொழிபெயர்த்தவர் பெயர் நூலில் இல்லை. மைக்கேல் மதுசூதனரே அவர் என்பது பலர் நம்பிக்கை.

ஆங்கில நூல் வெளிவந்ததும் தோட்டத் துரைமாரும் ஏட்டு முதலாளிகளும் சீறினார்கள். அவதூறு வழக்கு எழுந்தது. 1861 ஜூலை 19 முதல் 24 வரை, கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர் மார்டண்ட் வெல்ஸ் முன்னிலையில் விசாரணை நடந்தது. நாடகத்தை எழுதியவர் யார், பெயர்த்தவர் யார் என்று சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ள லாங் முற்படவில்லை. பழியைத் தாமே ஏற்றார். தீர்ப்பு: ஒரு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம்.

அந்த ஆயிரம் ரூபாயை அப்பொழுதே செலுத்தியவர் காளிபிரசன்ன சிங்கர். அவருக்கு வயது இருபத்தொன்று. முப்பது காசுக்கு விற்றவனைப் பற்றிய ஒரு வரிக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில், ஏழைகளின் பக்கம் நின்ற ஒரு போதகருக்காகத் தம் பணப்பையைத் திறந்தவர் ஓர் இந்து இளைஞர். அபராதத்தைப் பிறர் செலுத்தலாம். சிறையைப் பிறர் அனுபவிக்க இயலாது. லாங் சிறைக்குச் சென்றார். அவரைக் காண மக்கள் அங்கு வந்த வண்ணம் இருந்தார்கள். வங்காளிகளையே இழித்துப் பேசும் வழக்கமுடைய அந்த நீதிபதிக்கு எதிராகக் கல்கத்தாவில் பெருங்கூட்டம் கூடியது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு இலண்டனுக்கு மனு அனுப்பினார்கள். அம்முயற்சியிலும் காளிபிரசன்னர் முன்நின்றார்.

கண்ணாடி போய் வேடம் வந்தது

இந்தக் கொந்தளிப்பின் நடுவேதான் கோட்டான் பறந்து வந்தது. 1861இல் முதற்சித்திரம் தனிச் சிறு வெளியீடாகவும், 1862இல் முதற்பகுதி நூலாகவும் வெளிவந்தன. ஆசிரியர் பெயர் இல்லை. 'ஹுதோம் பியாஞ்சா' என்ற புனைபெயரே இருந்தது. கோட்டான் நம் ஊரில் போலவே அங்கும் மங்கலமான பறவை அன்று. கூரைமேல் அமர்ந்து அலறினால் வீட்டார் அஞ்சுவர். ஆனால் ஊர் உறங்கும் வேளையில் விழித்திருப்பது அது ஒன்றே. இருட்டில் நடப்பதைக் காண்பதும் அதுவே.

நூலின் முன்னுரையில் ஆசிரியர் சொல்லும் செய்தி ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. இந்தச் சித்திரத்தை ஒரு கண்ணாடி என்றே நான் முன்வைத்திருக்கலாம் என்கிறார் அவர். கண்ணாடியில் தன் முகம் அழகற்றுத் தெரிந்தால், அறிவுள்ளவன் கண்ணாடியை உடைப்பதில்லை. முகத்தைத் திருத்திக்கொள்ளத்தான் பார்ப்பான். ஆனால் அவுரிக் கண்ணாடி பட்ட பாட்டைக் கண்டபின், கொடிய விலங்குகளின் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடிக்கும் துணிவு தமக்கு இல்லை என்றும், ஆகவே கோமாளி வேடம் பூண்டு வந்திருப்பதாகவும் அவர் கூறுகிறார். இது வேடிக்கைப் பேச்சு மட்டுமன்று. உண்மையை நேராகச் சொன்ன ஒருவர் சிறைக்குப் போனதைக் கண்ணால் கண்டவர் எழுதிய சொற்கள் இவை. துணிவு இல்லை என்று சொல்லிக்கொண்டே அவர் துணிந்தார் என்பதை நூலின் ஒவ்வொரு பக்கமும் காட்டுகிறது.

கண்ணாடி உவமை நமக்குப் புதிதன்று. புனித யாக்கோபு தம் திருமுகத்தில், இறைவார்த்தையைக் கேட்டும் அதன்படி நடக்காதவனை, கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பால் சென்றதும் அதன் சாயலை மறந்துவிடும் மனிதனுக்கு ஒப்பிடுகிறார். கண்ணாடியை உடைப்பவன் ஒருவன். பார்த்துவிட்டு மறப்பவன் இன்னொருவன். முதலாமவனைப் பற்றிக் கோட்டான் கவலைப்பட்டது. இரண்டாமவனைப் பற்றித் திருத்தூதர் கவலைப்பட்டார். நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர் என்று சொன்னால் மிகையாகாது.

கோட்டான் கண்ட நகரம்

சித்திரங்கள் சித்திரைத் திருவிழாவில் தொடங்குகின்றன. வங்க ஆண்டின் முடிவில் நிகழும் சரக் பண்டிகை அது. உடலில் கொக்கி மாட்டிக்கொண்டு உயர்ந்த கம்பத்தில் சுழலும் நேர்த்திக்கடன் அன்று அங்கு இருந்தது. 1865இல் அரசு அதைத் தடை செய்தது. மேள ஒலி, தெருவில் திரளும் கூட்டம், வேடிக்கை பார்க்க வண்டியில் வரும் பாபுமார், கடைவீதி விளக்குகள் என்று ஒரு நாள் முழுவதையும் கோட்டான் நம் கண்முன் நிறுத்துகிறது. இரவு கரையும் வேளையில் மாதா கோவில்களின் மணி போல ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கடிகாரமும் அந்தப் பக்கங்களில் ஒலிக்கிறது. நான்கு மணி அடித்ததும், இரவெல்லாம் வெளியே திரிந்த செல்வர்கள் வீடு திரும்புகிறார்கள். தொழுகைக்கு அழைக்கும் மணியும் தவறுகளிலிருந்து திரும்பும் காலடியும் ஒரே நேரத்தில் கேட்கும் அந்த விடியல், எந்தப் பெருநகருக்கும் பொருந்தும்.

அடுத்து ஊர்ப்பொதுப் பூசைக்கு நன்கொடை திரட்டும் கூட்டத்தின் கதை. கருமியான சிங்கர் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வசூல் குழுவினர் சென்று, 'தேவி கயிலையிலிருந்து வரும் வழியில் அவள் ஏறிவந்த சிங்கத்தின் கால் ஒடிந்துவிட்டது. வேறொரு சிங்கம் தேடிக்கொண்டிருந்தோம். நல்ல வேளையாக நீங்கள் அகப்பட்டீர்கள்' என்ற பொருளில் பேசிப் பிடித்துக்கொள்கிறார்கள். 'சிங்கர்' என்பது ஆசிரியரின் குடும்பப் பெயரே என்பதை நினைவில் கொண்டால், இந்த நகைச்சுவையின் முனை எங்கே திரும்புகிறது என்பது விளங்கும்.

'ஹுஜுக்' என்று தலைப்பிட்ட பகுதியில், நகரத்தைப் பிடித்தாட்டிய புரளிகளும் பரபரப்புகளும் அணிவகுக்கின்றன. பிள்ளை பிடிப்பவர் வந்துவிட்டார்கள் என்ற அச்சம், ஏழு கால் பசு, சிப்பாய்க் கிளர்ச்சி, இலக்னோவின் பதவியிழந்த நவாபு, பாதிரியார் லாங்கும் 'நீல் தர்ப்பண்' நாடகமும் என்று பலவும் அங்கே உண்டு. குறிப்பிட்ட ஒரு நாளில் இறந்தவர்கள் எல்லாரும் திரும்பி வரப்போகிறார்கள் என்று எழுந்த வதந்தியும் அவற்றுள் ஒன்று. ஊரார் அதை வேடிக்கையாகப் பேசிக் களித்திருப்பார்கள். ஆனால் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கும், இளம் வயதில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கும் அந்தச் செய்தி எப்படி ஒலித்திருக்கும்! உயிர்ப்பில் நம்பிக்கை கொண்ட நாம் இந்தப் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே கடந்துவிட இயலாது. மனித உள்ளத்தின் மிகத் தூய ஏக்கம்கூட, கடைவீதியின் கையில் அகப்பட்டால் வெறும் வாய்ச்செய்தி ஆகிவிடுகிறது.

அதே வரிசையில் 'கிறிஸ்தவப் பரபரப்பு' என்றும் ஒரு சித்திரம் இருக்கிறது. படித்த இளைஞர் சிலர் திருமுழுக்குப் பெற்றபோது நகரம் அடைந்த கலக்கத்தை அது சொல்கிறது. நமக்கு அருளடையாளமாக இருப்பது, கோட்டானின் கண்ணுக்கு ஏழு கால் பசுவோடு சேர்த்து எண்ணத்தக்க ஒரு பரபரப்பாகத் தெரிந்தது. இதைப் படித்து நாம் சினம் கொள்ள வேண்டியதில்லை. நம்பிக்கை வாழ்வாக மாறாமல் வெறும் ஆடை மாற்றமாக நின்றுவிடும் இடத்தில், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேறெவ்வாறு தெரியும்?

எள்ளுவது தகுமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பிறரை எள்ளி எழுதுவது அறமாகுமா? புனித தோமா அக்குவினார் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில் புறங்கூறல், கோள்மூட்டல், எள்ளல் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்கிறார். அயலானை நாணித் தலைகுனியச் செய்வதே எள்ளலின் நோக்கம் என்பது அவர் காட்டும் வேறுபாடு. 1923ஆம் ஆண்டு முதல் எழுத்தாளர்க்கும் இதழாளர்க்கும் பாதுகாவலராக விளங்கும் புனித பிரான்சிஸ் சலேசியாரும், பிறரை இகழ்ந்து நகைப்பதை மிகக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஆயினும் நண்பர் நடுவே எழும் தீங்கற்ற நகைச்சுவையை அவர் தடுக்கவில்லை. திருச்சபையின் மரபு சிரிப்புக்குப் பகையன்று. இகழ்ச்சிக்கே பகை.

கோட்டானின் சித்திரங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன? அவற்றில் இகழ்ச்சியே இல்லை என்று சொல்ல இயலாது. வாழ்ந்துகொண்டிருந்த மனிதர்களின் முகங்கள் அவற்றில் தெரிந்தன. ஊரார் அடையாளம் கண்டு சுட்டிக் காட்டினார்கள். பாதிக்கப்பட்டோர் சும்மா இருக்கவில்லை. 'உன் முகத்தை நீயே பார்' என்று பொருள்படும் தலைப்பில் 1863இல் ஒரு மறுப்பு நூலே வெளிவந்தது. சில இடங்களில் அவர் நகைச்சுவை வரம்பு கடந்து கொச்சையாகவும் ஆகிவிடுகிறது. இவற்றை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது வரலாற்றுக்கும் நேர்மை அன்று, அவருக்கும் நேர்மை அன்று.

எனினும், அவர் எழுத்தை வெறும் இகழ்ச்சியிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள் இரண்டு உண்டு. முதலாவது, அவர் தம்மையும் சித்திரத்துக்குள் வைத்தார். யாரையும் குறிவைக்கவில்லை, எல்லாரையும் குறிவைத்திருக்கிறேன், என்னையும் விட்டுவிடவில்லை என்ற கருத்தை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அவர் எள்ளிய பாபுமார் வேற்றுலகத்தவர் அல்லர். அவருடைய உறவினர், அண்டை வீட்டார், அவரோடு ஒரே பந்தியில் உண்டவர்கள். இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசரிடம் ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். கேட்ட அரசர் கதையில் வந்த செல்வன்மேல் சினந்தார். அந்தச் செல்வன் தாமே என்று பின்னரே அறிந்தார். செல்வரின் வீட்டுக்குள் நின்றுகொண்டு செல்வரின் கதையைச் சொல்வதற்கு நாத்தானின் நெஞ்சுரம் வேண்டும்.

இரண்டாவது அடையாளம், எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. கைம்பெண்ணின் துயரைப் பற்றிப் பேசியவர் அவள் மறுமணத்துக்குப் பணம் கொடுத்தார். இதழ்களின் அடிமைத்தனத்தை எள்ளியவர், நல்ல இதழ் ஒன்றைத் தம் பொருளால் காத்தார். நீதியின் கோணலைக் கண்டவர், நீதிமன்றத்தில் அபராதத்தைச் செலுத்தினார். கோமாளி வேடம் எழுத்தில் மட்டுமே இருந்தது. வாழ்வில் அவர் வேடம் போடவில்லை.

தெருவின் மொழி

அவர் செய்த இன்னொரு புரட்சி மொழியில் நிகழ்ந்தது. அக்கால வங்க உரைநடை வடசொற்கள் நிறைந்து, படித்தவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. 'டேக்சந்த் டாகூர்' என்ற புனைபெயரில் பியாரி சந்த் மித்திரர் எழுதிய 'ஆலாலேர் கரேர் துலால்' என்ற கதை 1858இல் நூலாக வந்து, பேச்சுமொழியை ஓரளவு கலந்து வழிகாட்டியது. கோட்டான் அதற்கும் அப்பால் சென்றது. கல்கத்தாத் தெருவில் வண்டியோட்டியும் கடைக்காரனும் வீட்டுப் பெண்களும் பேசிய மொழியை, அது ஒலித்தபடியே எழுத்தில் வடித்தது. நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் இதை ஏற்கவில்லை. இம்மொழி வளமற்றது, நூலுக்கு ஏற்றதன்று என்று 1878இல் எழுதினார். காலமோ வேறு தீர்ப்பு வழங்கியது. பேச்சுமொழியின் அடித்தளத்திலேயே பிற்கால வங்க உரைநடை எழுந்தது.

வியப்பு யாதெனில், அதே ஆண்டுகளில் இதே மனிதர் புலவர்களைத் தம் பொருளால் அமர்த்தி, மகாபாரதம் முழுவதையும் உயர்ந்த, கம்பீரமான உரைநடையில் வங்கத்தில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெரும்பணி 1866இல் நிறைவுற்றது. தாம் தொடங்கியிருந்த மொழிபெயர்ப்பை வித்யாசாகர் இவருக்காக நிறுத்திக்கொண்டார். நூல்களைக் காளிபிரசன்னர் விலைக்கு விற்கவில்லை. விரும்பிக் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகவே வழங்கினார். உயர்ந்த நடை தெரியாததால் அவர் தெருமொழியைத் தேடிச் செல்லவில்லை. தெருவில் நிற்பவனிடம் பேச வேண்டுமானால் அவன் மொழியில்தான் பேச வேண்டும் என்பதால் சென்றார். கதைகளாலும் உவமைகளாலும், வலை வீசுவோருக்கும் விதை விதைப்போருக்கும் விளங்கும் சொற்களால் போதித்த ஆண்டவரைப் பின்பற்றும் நமக்கு இது நன்கு புரிய வேண்டும்.

இந்த மொழிவழியில் நம்மவர் ஒருவரும் நடந்தார். 1861இல் பிறந்து, 1891இல் கத்தோலிக்கரான பிரம்மபாந்தவ உபாத்தியாயர், 1904இல் 'சந்தியா' என்ற மாலை நாளேட்டைக் கல்கத்தாவில் தொடங்கினார். துறவியும் இறையியல் சிந்தனையாளருமான அவர், அந்த ஏட்டில் கடைக்காரரும் கூலியாளும் படித்து மகிழும் எள்ளல் நிறைந்த பேச்சுமொழியில் அன்னிய ஆட்சியைத் தாக்கினார். அரசத் துரோக வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1907 அக்டோபரில் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. உண்மையை மக்கள் மொழியில் சொன்னதற்கு அவரும் விலை கொடுத்தார்.

கணக்கு முடிந்த நாள்

காளிபிரசன்னரின் பிற்கால வாழ்வு துயரமானது. கொடுத்துக் கொடுத்துக் கரைந்த செல்வம் கடனாயிற்று. நம்பியவர்கள் ஏமாற்றினார்கள். ஒரிசாவில் இருந்த நிலங்களும் கல்கத்தாவில் இருந்த பெருங்கட்டடங்களும் கைமாறின. அவர் எள்ளிய பாபுமாரும் செல்வத்தை இழந்தவர்கள்தாம். அவர்கள் இழந்தது புறாவுக்கும் பூனைக்கும். இவர் இழந்தது நூலுக்கும் ஏட்டுக்கும் பிறர் துயருக்கும். 1870 ஜூலை 24 அன்று, முப்பது வயதில், அவர் காலமானார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு லாங்குக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டதும் அதே ஜூலை 24ஆம் நாளில்தான். லாங் 1872இல் இந்தியாவை விட்டுச் சென்று, 1887இல் இலண்டனில் மறைந்தார். அவர் பெயரில் அமைந்த சாலை இன்றும் கொல்கத்தாவில் உண்டு. கோட்டானின் சித்திரங்களை வங்க மக்கள் இன்றும் படித்துச் சிரிக்கிறார்கள்.

அன்பு வாசகர்களே, இன்று எள்ளலுக்குப் பஞ்சமில்லை. கையில் இருக்கும் சிறு திரையில், யாரோ ஒருவரின் தடுமாற்றம் நொடிப்பொழுதில் ஆயிரம் பேருக்குச் சென்று சேர்கிறது. அனுப்புகிறவருக்குக் காசு செலவில்லை, சிறையும் இல்லை, பெயரும் தெரிவதில்லை. பங்குப் பேரவையிலும் அன்பியக் கூட்டத்திலும் குடும்ப விருந்திலும்கூட, அங்கில்லாத ஒருவரைப் பற்றிச் சிரிப்பது நமக்கு எளிதாகிவிட்டது. சிரிக்க வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. தவறைத் தவறு என்று காட்டும் குரல் திருச்சபைக்கும் வேண்டும், நாட்டுக்கும் வேண்டும். ஆனால் நாம் பிடிக்கும் கண்ணாடியில் நம் முகமும் தெரிகிறதா என்றும், நாம் சுட்டிக் காட்டிய தவறினால் துன்புறும் ஒருவர் நம் வாசலுக்கு வந்தால் அவருக்காக நம் கை திறக்குமா என்றும் கேட்டுப் பார்ப்போம். தாம் நகைத்த நகரத்துக்குக் காளிபிரசன்னர் தம்மிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தார். தவக்காலத்தில் நம் ஆன்ம ஆய்வுக்கு அவர் வாழ்வையும் எடுத்துக்கொள்ளலாம்.